மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரை: செட்டிநாட்டில் இடம் மாறும் ஒரு கேள்வி

காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கண்மாய்க் கரையிலோ பொட்டல் நடுவிலோ ஒரு குதிரை நிற்கும். சுட்ட மண்ணில் செய்து வண்ணம் பூசிய அய்யனார் குதிரை. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனாருக்குப் புரவி எடுக்கிறார்கள். நமணசமுத்திரத்தை அடுத்த இளங்குடிப்பட்டியில் மண் குதிரைகள் வரிசை கட்டி நிற்கின்றன. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் மிகப் பெரிய குதிரைக்கு மாசி மகத்தன்று காகிதப் பூமாலைகள் குவியும். உயிருள்ள குதிரையைப் பார்க்க வேண்டுமானால் கல்யாணத்துக்கோ, எல்லை குறித்து வண்டி ஓட்டும் எல்கைப் பந்தயத்துக்கோ காத்திருக்க வேண்டும்.

மண் குதிரைக்கு நடக்கும் மரியாதை சாதாரணமானதல்ல. ஊரார் பிடிமண் எடுத்து, மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் கொடுப்பார்கள். வேளார் அதோடு கண்மாய் மண்ணைச் சேர்த்துப் பிசைந்து கால், உடல், கழுத்து, தலை எனப் படிப்படியாக வளர்த்துச் சுட்டெடுப்பார். விழா நாளில் கண் திறந்துவிட்டால் அது புரவி. அதன்பின் யாரும் அதைப் பொம்மை என்று சொல்ல மாட்டார்கள். மழை வேண்டியும் பிள்ளை வேண்டியும் நேர்ந்துகொண்டவர்கள் தோளில் தூக்கிக்கொண்டு மேளதாளத்தோடு கோயிலுக்குப் போவார்கள். விஜயதசமியன்று மகர்நோன்புப் பொட்டலில் சாமி அம்பு போட வருவதும் குதிரை வாகனத்தில்தான். இந்த மரியாதையில் ஒரு வசதி இருக்கிறது: மண்ணுக்கும் மரத்துக்கும் தண்ணீர் தவிக்காது, வாய் புண்ணாகாது.

உயிர்க் குதிரையைப் பற்றிய பேச்சு சமீப காலத்தில்தான் எழுந்திருக்கிறது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை மிரண்ட காணொளி ஒன்று கைப்பேசிக்கு வந்தால், மாப்பிள்ளை விழுந்தாரா என்று கேட்டுச் சிரித்துவிட்டு நகர்வதுதான் வழக்கம். இப்போது குதிரை ஏன் மிரண்டது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘குதிரையெல்லாம் வேண்டாம், கார் போதும்’ என்று கல்யாண வீட்டில் பிள்ளைகள் சொன்னால் பெரியவர்களுக்குக் குழப்பம். ‘அதுக்கு என்ன குறை? நல்லாத்தானே தீனி போட்டு வச்சிருக்காக?’ என்பார்கள்.

இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. என் கணிப்பில், மக்கள் மனசு திடீரென்று இளகிவிட்டதாகச் சொல்ல முடியாது. குதிரையைப் பற்றி நாம் கேட்கும் கேள்வி இடம் மாறியிருக்கிறது. விலை என்ன, சுழி எப்படி, மேலே ஏற யாருக்கு உரிமை என்பவைதான் இந்த மண்ணில் நெடுங்காலம் கேட்கப்பட்டவை. கீழே நிற்கும் குதிரைக்கு எப்படி இருக்கிறது என்பது புதுக் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருந்த காலத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கிய காலத்தில் அவர்கள் இல்லை.

கப்பலில் வந்த மிருகம்

தமிழ்நாட்டுக் குதிரையின் கதை கடலில் தொடங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்துக்கு ‘நீரின் வந்த நிமிர்பரிப் புரவி’ என்கிறது பட்டினப்பாலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். செட்டிநாடு அடங்கிய பாண்டிய நாட்டில் இந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது 13-ஆம் நூற்றாண்டில். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து மரக்கலங்களில் குதிரைகள் வந்தன. ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்றுக்கு 220 தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். அந்த எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. பணம் வெள்ளமாக வெளியே போனது என்பதில் மட்டும் ஐயமில்லை.

வந்த குதிரைகள் என்ன ஆயின என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதே நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறார், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். அவர் சொல்லும் காரணம் பராமரிப்பு. குதிரை வைத்தியம் தெரிந்த ஆள் இங்கே இல்லை. தெரிந்தவர்களைக் குதிரை வணிகர்கள் கூட்டி வருவதில்லை. குதிரைகள் செத்தால்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்? சோற்றோடு கறியைச் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் அவர் எழுதுகிறார். வஸ்ஸாஃப் சொல்லும் தீனி வேறு: வறுத்த வாற்கோதுமை, நெய் விட்ட தானியம், காய்ச்சிய பசும்பால்.

இதைக் கொடுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நெய்யும் பாலும் கறியும் நம் வீட்டில் விருந்தாளிக்கு வைப்பவை. விலையுயர்ந்த மிருகத்துக்கு விலையுயர்ந்த உணவு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் குதிரையின் வயிறு விருந்துக்கு ஆனதல்ல. புல்லும் நாரும் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டிய வயிறு அது. மாவுச்சத்தும் கொழுப்பும் ஒரேயடியாகப் போனால் வயிற்றுவலி வரும், குளம்புக்குள் வீக்கம் வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது உள்ளேதான். ஒரு குதிரையை மரியாதையாலேயே கொல்லலாம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று நம்மிடம் இருக்காது.

இதே பாண்டிய நாட்டின் குதிரைப் பசி மாணிக்கவாசகர் கதையிலும் இருக்கிறது. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொன்னைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்டார் அமைச்சர். சிவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டி வந்தார். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. அந்தத் திருப்பெருந்துறைதான் செட்டிநாட்டை ஒட்டிய இன்றைய ஆவுடையார்கோயில். பக்தர்களுக்கு இது ஈசனின் விளையாட்டு. எனக்கு இதில் ஒரு கருவூலக் கணக்கும் தெரிகிறது: அரசனின் பொன்னெல்லாம் கரைந்தோடிய ஒரு பொருள் இருந்தது, அது குதிரை.

மேலே உட்கார்வது யார்

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய மிருகத்தின் மேல் உட்கார்வது தானாகவே அந்தஸ்தாகிவிட்டது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் குதிரை வருவது அந்தத் தொடர்ச்சியில்தான். அன்று ஒரு நாள் அவர் ராஜா.

ஆனால் ராஜாவாக எல்லோரையும் விடவில்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்க சாதியினர் 1930, 1931 ஆண்டுகளில் விதித்த தடைகளைப் பதிவு செய்திருக்கிறார். செட்டிநாட்டின் பெரும்பகுதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. பொன் நகை கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது, மேளம் கூடாது என்று நீளும் அந்தப் பட்டியலில், கல்யாண ஊர்வலத்தில் குதிரையைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் உண்டு. பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்கிறது அதே தடை.

இந்தத் தடையை மறந்துவிட்டுக் குதிரை நலம் பேசக் கூடாது. தலைமுறை தலைமுறையாகக் குதிரை ஏறிய வீட்டின் பேரன், ‘பாவம், மிருகவதை, விட்டுவிடலாம்’ என்று சொல்வது எளிது. அவன் இழப்பது ஒன்றுமில்லை. இப்போதுதான் ஏற முடிகிற வீட்டில் அதே சொல் வேறு மாதிரி கேட்கும். அந்த வீட்டுக்காரர், ‘இவ்வளவு நாள் நீங்க ஏறும்போது வராத பாவம் நாங்க ஏறும்போது வந்திருச்சா?’ என்று கேட்டால் அதற்கு நேர்மையான பதில் வேண்டும். என் பதில் இது: குதிரையை யார் அமர்த்தினாலும் நிபந்தனைகள் ஒன்றாக இருக்க வேண்டும், அதைப் பெரிய வீட்டுக் கல்யாணங்களிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

இடையில் ஒரு காலம், குதிரை அந்தஸ்தாக இல்லாமல் வேலைக்காரனாக இருந்தது. ஜட்கா என்ற குதிரை வண்டி. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்து திரும்பியவர்களை ரயிலடியிலிருந்து தகரப் பெட்டிகளோடு வீடு சேர்த்தது அதுதான். உள்ளே புல்லைப் பரப்பி மேலே பாய் விரித்திருக்கும். பயணிக்கு மெத்தை, குதிரைக்கு இரை, இரண்டுக்கும் அதே புல்.

வண்டிக்காரர் ஏறுகிறவர்களைப் பார்த்து ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்று அதட்டிக்கொண்டே இருப்பார். சிறுபிள்ளைகளுக்கு அது வேடிக்கை. அதில் இருந்தது சுத்தமான எந்திரவியல். இரண்டு சக்கர வண்டியில் ஆட்கள் பின்னால் ஒதுங்கினால் ஏர்க்கால் மேலே தூக்கி, வயிற்று வார் குதிரையின் நெஞ்சடியை இறுக்கும். முன்னால் குவிந்தால் அத்தனை பாரமும் முதுகில் இறங்கும். சமமாக உட்கார்ந்தால் குதிரை இழுத்தால் மட்டும் போதும், தூக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத அந்த வண்டிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கைவந்ததற்குக் காரணம் கருணை என்று சொல்ல மாட்டேன். குதிரை படுத்தால் மறுநாள் அடுப்பு எரியாது.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கவும் கூடாது. எலும்பு தெரியும் குதிரைகள், வார் உரசிப் புண்ணான தோள்கள், மேட்டில் ஏற மறுக்கும்போது விழும் சாட்டையடி, இவையெல்லாம் ஜட்காவோடு சேர்ந்தே வந்தவை. ஆனாலும் அந்தத் தொழிலைச் சுற்றி ஒரு அறிவு இருந்தது. லாடக்காரர் இருந்தார். மாட்டுக்குப் பிளந்த குளம்பு, ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, வளைந்த ஒற்றை லாடம். குளம்பு நகம் போல வளர்ந்துகொண்டே இருப்பதால் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி, கோணம் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். கோணம் தப்பினால் மூட்டு போய்விடும். ஆணி தவறிச் சதையில் ஏறினால் சீழ் வைக்கும். குதிரைக்கு ரணஜன்னி மிக எளிதில் வரும். கொள்ளு எவ்வளவு ஊறவைப்பது, ஓடி வந்த குதிரையை எவ்வளவு நேரம் நடத்தி ஆற்றுவது என்பதெல்லாம் ரயிலடியில் வாய்வழியாகக் கற்றவை.

ஆட்டோ வந்தது. ஜட்கா நிறுத்தங்கள் ஆட்டோ நிறுத்தங்கள் ஆயின. நாடு முழுவதும் இதே கதைதான்: கால்நடைக் கணக்கெடுப்பின்படி 2012-இல் ஆறேகால் லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக் குதிரைகளும் 2019-இல் சுமார் 3.4 லட்சம். ஏழே ஆண்டில் ஏறக்குறையப் பாதி. எஞ்சியவற்றில் நம் பக்கம் கண்ணில் படுபவை பெரும்பாலும் மணிக்கணக்கில் வாடகைக்கு வருபவை. அவற்றை அமர்த்துகிறவருக்குக் குதிரையைப் பற்றி எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஜட்காவில் ஏறியவருக்காவது முன்பாரம் பின்பாரம் தெரிந்திருந்தது.

சட்டம் எதைப் பார்க்கிறது

1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் குதிரையைக் கொல்வதும் முடமாக்குவதும் குற்றமாக இருந்தன. ஆனால் அது அடுத்தவர் சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றங்களின் வரிசையில் இருந்தது. தன் குதிரையைத் தானே வதைப்பவரைப் பிடிக்க அது உதவவில்லை. விலங்கின் வலியைத் தனியாக ஒரு பொருளாக்கிய 1890-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, இன்றைய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அடிப்பது, அளவுக்கு மீறி ஓட்டுவது, பாரம் ஏற்றுவது, புண்ணோடு வேலை வாங்குவது எல்லாம் அதன் 11-ஆம் பிரிவில் குற்றங்கள். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். காரைக்குடி மெஸ் ஒன்றில் மதியச் சாப்பாட்டுக்குக்கூட அது போதாது.

1965-இல் வந்த வண்டி, பொதி விலங்கு விதிகள் இன்னும் நுணுக்கமானவை. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது. முள் வைத்த கடிவாளமும் தார்க்குச்சியும் கூடாது. படித்துப் பார்த்தால் எழுதியவர்கள் கண்முன் ஜட்கா நின்றது தெரியும். அந்த விதிகள் பேசுவது இழுவையையும் சுமையையும். பட்டுச் சட்டை போட்ட மாப்பிள்ளை சுமையா இல்லையா என்று அவை நேரடியாகச் சொல்லவில்லை. ஜெனரேட்டர் விளக்கு வரிசைக்கும் சரவெடிக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் நிற்கும் குதிரையை அவை கற்பனை செய்யவே இல்லை.

நம் பக்கத்தில் விலங்குச் சட்டம் என்றாலே நினைவுக்கு வருவது காளை. சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும் பூமி இது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடை செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பிரிட்டனில் பண்ணை விலங்குகளுக்காக 1979-இல் வகுத்த ஐந்து சுதந்திரங்களை இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது: பசி தாகத்திலிருந்து, வசதிக்குறைவிலிருந்து, வலியும் நோயும் காயமும் இன்றி, பயமின்றி, தன் இயல்பின்படி வாழ. 2017 தைப் போராட்டத்துக்குப் பின் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. அந்தத் திருத்தம் காளைகளுக்கானது. குதிரைக்கு அதில் இடமில்லை.

‘நம்ம மாட்டுக்கு ஒரு நியாயம், குதிரைக்கு ஒரு நியாயமா?’ என்று பந்தயக்காரர்கள் கேட்பதுண்டு. கேள்வி சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. காளைக்காக வைத்த வாதங்களில் வலுவானது நாட்டு இனக் காப்பு. புலிக்குளம் மாடு இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தது. குதிரையோ அன்று ஹோர்முஸிலிருந்து கப்பலேறி வந்தது. இன்று மார்வாரி, கத்தியவாரி என்று வடக்கிலிருந்து லாரியேறி வருகிறது. ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் இவற்றைப் பார்க்கலாம். அங்கே சுழியும் நிறமும் நடையும் விலையைத் தீர்மானிக்கின்றன. நெற்றிச் சுழி நல்லதா என்று பார்க்கிற கண், தொற்று நோய்ச் சோதனைச் சான்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூக்கிலும் நுரையீரலிலும் புண் வைக்கும் கிளாண்டர்ஸ் நோய் மனிதருக்கும் தொற்றும். அது உறுதியானால் குதிரையைக் கொன்றுவிடுவதைத் தவிர வழியில்லை.

வாயும் வயிறும் கண்ணும்

பெரியவர்கள் கேட்ட ‘அதுக்கு என்ன குறை?’ என்ற கேள்விக்கு அறிவியல் இப்போது விவரமாகப் பதில் சொல்கிறது. குதிரைத் தோல் தடிமன், சாட்டை உறைக்காது என்பது எல்லா நாட்டிலும் உள்ள நம்பிக்கை. 2020-இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். வலி நரம்புகள் இருக்கும் மேல் அடுக்கின் தடிமனிலும் நரம்புகளின் எண்ணிக்கையிலும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டார்கள். நமக்கு உறைப்பது அதற்கும் உறைக்கும்.

கடிவாளம் உட்காரும் இடம் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடைப்பட்ட வெற்று ஈறு. எலும்பின் மேல் மெல்லிய சதை மட்டும் மூடியிருக்கும் இடம். கைப்பிடி மென்மையாக இருந்தால் சாதாரணக் கடிவாளம் தொல்லை தராது. முள்ளோ முறுக்குக் கம்பியோ வைத்தால், தலையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் காயம். ஊர்வலத்தில் குதிரை வாயில் நுரை தள்ளித் தலையை ஆட்டி ஆட்டி நடந்தால், ‘மேளத்துக்கு ஆடுது பாரு’ என்று நாம் மகிழ்கிறோம். வாயில் இருப்பதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறதா என்று கேட்பதில்லை.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். நேர் பின்னால் தெரியாது. வெடிச்சத்தமும் டிரம்செட்டும் பெரும்பாலும் வருவது அந்தத் தெரியாத இடத்திலிருந்துதான். ஓடிப் பிழைத்த மிருகத்துக்கு ஓட வழியில்லாத நெருக்கம் எப்படி இருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். வலித்தால் குதிரை வாய்விட்டுக் கத்துவது அரிது, முகத்தில் காட்டும். 2014-இல் வெளியான ஓர் அளவுகோல் அந்த முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறது: பின்னுக்கு விறைத்த காது, பாதி இறுகிய கண், கண்ணுக்கு மேலே புடைத்த எலும்பு, இறுகிய தாடைத் தசை, இறுகிய வாய், துருத்திய முகவாய், விரிந்து விறைத்த மூக்குத் துளை. கால்நடை மருத்துவர் வேண்டாம், நின்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தீனியில் நாம் இன்னும் வஸ்ஸாஃப் காலத்தில்தான் இருக்கிறோம். கல்யாண வீட்டில் குதிரைக்கு லட்டு, வாழைப்பழம், சோறு. வளர்ப்பவர்கள் சிலர் தவிட்டையே முழுத் தீனியாக்குவார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து குறைவு. மாதக்கணக்கில் அதையே போட்டால் எலும்பு நலிந்து முகம் வீங்கிப்போகும். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருப்பதால் பல மணி நேரம் புல் இல்லாமல் நிறுத்துவதே புண்ணுக்கு வழி. ஒரு கட்டுப் புல் லட்டைவிடப் பெரிய உபசாரம்.

உலகமும் இதே கேள்விக்கு வந்து நிற்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், நவீன ஐவகைப் போட்டியில் மிரண்டு நின்ற குதிரையை ஜெர்மன் வீராங்கனை அழுதுகொண்டே அடித்ததை உலகம் பார்த்தது. 2024 பாரிஸோடு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே நீங்கியது. அதே பாரிஸ் போட்டிக்குச் சில நாள் முன்பு, பிரிட்டனின் புகழ்பெற்ற வீராங்கனை சார்லட் டூஜார்டின் பயிற்சியில் ஒரு குதிரையின் காலில் சாட்டையை வீசிய பழைய காணொளி வெளியாகி அவர் விலகினார். ஓராண்டு தடையும் பெற்றார். அங்கே குதிரை ஏறத் தெரியாத பொதுமக்களின் மனநிலைதான் விளையாட்டின் விதியை மாற்றியது. நம் ஊரில் 1974-இல் மாநில அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியபோது பேச்சு முழுவதும் சூதாட்டம், அழியும் குடும்பங்கள் பற்றியே இருந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று சொன்னதோடு வழக்கு முடிந்தது. இரண்டு முறையும் விவாதத்தின் மையத்தில் குதிரை இல்லை.

பந்தயத்தில் ஒன்று, பந்தலில் ஒன்று

எல்கைப் பந்தயக் குதிரைக்கும் கல்யாணக் குதிரைக்கும் உள்ள பிரச்சினைகள் வேறு. பந்தயக் குதிரையை வைத்திருப்பவர் தீனியில் குறை வைக்க மாட்டார். ஓடாத குதிரையால் அவருக்கு என்ன பயன்? அங்கே கெடுவது கால். தார்ச் சாலையில் முழு வேகத்தில் ஓடும்போது ஒவ்வொரு அடியின் அதிர்வும் குளம்பு வழியாக மூட்டுக்கு ஏறும். மண் தடத்தில் அதே தூரம் ஓடினால் சேதம் குறைவு. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு துரத்தும் மோட்டார் சைக்கிள் கூட்டம் குதிரைக்கும் ஆபத்து, சாரதிக்கும் ஆபத்து. சாட்டையைப் பொறுத்தவரை, நார்வே 1982-லேயே பந்தயத்தில் அதைக்கொண்டு அடிப்பதை நிறுத்திவிட்டது. குதிரைகள் அங்கே இன்றும் ஓடுகின்றன. சாரதிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்பது தெரியும்.

கல்யாணக் குதிரைக்குக் கெடுவது மனமும் முதுகும். இங்கேதான் அமர்த்துகிறவர் கையில் நிறைய இருக்கிறது. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை சுமக்கலாம் என்பது பரவலாக ஏற்றுக்கொண்ட அளவு. நம் பக்கம் வரும் நடுத்தர வெள்ளைக் குதிரை 300 கிலோ இருந்தால் 60 கிலோ. அதில் சேணமும் அடக்கம். மாப்பிள்ளை 75 கிலோ, ஜரிகை வைத்த சேணம் 10 கிலோ, முன்னால் உட்காரவைக்கும் அக்கா மகன் 15 கிலோ. கூட்டிப் பார்த்தால் 100. குதிரைக்காரரிடம் பேரம் பேசும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. பெரிய குதிரை கேட்கலாம். இல்லையென்றால் பையனை இறக்கிவிடலாம். கோயில் வாசலிலிருந்து பந்தல் முகப்புவரை மட்டும் ஏறி, மீதித் தூரம் மாப்பிள்ளை நடக்கலாம்.

குதிரை வந்து இறங்கியதும் பார்க்க வேண்டியவை சில. கடிவாளத்தைக் கழற்றச் சொல்லி வாயோரத்தைப் பார்க்க வேண்டும். சேணத்தைத் தூக்கினால் முதுகில் புண் இருக்கிறதா என்பது தெரியும். நடக்கும்போது தலை ஏறி இறங்கினால் ஏதோ ஒரு காலில் வலி. இதில் எது இருந்தாலும் முன்பணம் போனாலும் பரவாயில்லை என்று காரை எடுத்துவிடலாம். வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் வெயில் தாழ்ந்தபின் ஊர்வலம் வைத்தால் மனிதருக்கும் நல்லது. சரவெடியைக் குதிரை போனபின் வெடிக்கலாம். வாளியில் தண்ணீர் வைக்க ஒரு ஆளை நியமிப்பது கல்யாண வீட்டுக்குப் பெரிய காரியமில்லை. இத்தனைக்கும் குதிரைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டுமானால் அவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். ஒரே நாளில் மூன்று ஊர்களில் மூன்று கல்யாணத்துக்கு அவர் குதிரையை லாரியில் ஏற்றி இறக்குவது பேராசையால் மட்டுமல்ல. முகூர்த்த நாள் ஆண்டில் சில, தீனிச் செலவு 365 நாளும். ஒரு கல்யாணத்தோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறவர் அதற்கேற்ற கூலியைப் பேச வேண்டும்.

இவ்வளவும் ஆண்டில் சில நாள் கண்ணில் படும் குதிரைகளைப் பற்றி. கண்ணிலேயே படாத குதிரைகளும் செட்டிநாட்டுக்கு வேலை செய்கின்றன. கடலைக் காட்டிலோ கண்மாய் ஓரத்திலோ நாகமோ கட்டுவிரியனோ கண்ணாடிவிரியனோ சுருட்டைவிரியனோ கடித்தவரை அரசு மருத்துவமனைக்குத் தூக்கி வந்தால் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து குதிரை இரத்தத்திலிருந்து வருவது. இந்த நான்கு பாம்புகளின் விஷத்தையும் சிறு சிறு அளவில் குதிரைக்கு ஏற்றி, அதன் உடலில் எதிர்ப்பொருள் உண்டானபின் இரத்தம் எடுத்துப் பிரித்துத் தயாரிக்கிறார்கள். இதை நிறுத்தச் சொல்ல நான் தயாராக இல்லை, பாம்புக்கடி பார்த்த எந்த ஊரும் தயாராக இருக்காது. ஆனால் அந்தக் கொட்டடிகளில் எவ்வளவு இடைவெளி விட்டு எவ்வளவு இரத்தம் எடுக்கிறார்கள், பயன் முடிந்த குதிரை எங்கே போகிறது என்ற கேள்விகளுக்கு ஊர்வலக் குதிரையைப் பற்றிய கேள்விகளைவிட எடை அதிகம். காணொளி எடுக்க அங்கே யாரும் நிற்பதில்லை.